பரணில் கிடக்கும் கணினியில் முஸ்தபா

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் ‘முஸ்தபா கேம்’ என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. அதில் வரும் நான்கு வீரர்களில் ஒருவரான முஸ்தபா கெய்ரோவின் பெயரையே நம் ஊர்ப் பையன்கள் ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். வீடியோ கேம் கடையில் பீரோ உயரத்துக்கு நின்ற பெட்டி, காசு போட்டால் உயிர் பெறும் திரை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு மூன்று பேர் ஆடுவது எல்லாம் ஒரு தலைமுறைக்கு மறக்காது.

அந்த ஆட்டத்தை இன்று, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பதினைந்து வயதுக் கணினி அலட்சியமாக ஓட்டுகிறது. அதே கணினியில் இன்றைய செய்தித் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள், மூச்சு வாங்கும். இது முதல் புதிர். இரண்டாவது இன்னும் விசித்திரம். 1972-இல் வந்த ‘பாங்’ ஆட்டத்தில் இருப்பது இரண்டு மட்டைக் கோடு, ஒரு சதுரப் பந்து, நடுவே ஒரு புள்ளிக்கோடு, அவ்வளவுதான். அதை அசலைப் போலவே ஓட்டச் சொன்னால், டைனோசார்களும் வெடிகுண்டுகளும் நிறைந்த முஸ்தபாவுக்குத் தேவைப்படாத உழைப்பு அந்தக் கணினிக்குத் தேவைப்படுகிறது. எளிய ஆட்டத்துக்கு ஏன் அதிக வேலை?

பழைய கணினியை வைத்து வீட்டிலேயே ஓர் ஆர்கேட் பெட்டி கட்ட நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். பலகை அறுப்பதும் வண்ணம் பூசுவதும் பிறகு வரட்டும். இது புரியாமல் கட்டினாலும் பெட்டி ஓடும். ஆனால் ‘படம் அதேதான், ஆனால் அந்தக் கை வரவில்லையே’ என்ற குறை கடைசிவரை இருக்கும். அந்தக் குறைக்குப் பெரும்பாலும் காரணம் படம் அல்ல, நேரம்.

பலகையில் இருந்தது என்ன?

பாக்-மேனை எடுத்துக்கொள்வோம். நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி வடிவமைத்து 1980-இல் வந்த ஆட்டம். அதன் மின்பலகையில் மூளையாக இருந்தது ஸைலாக் நிறுவனத்தின் இசட்80 என்ற செயலி. அதன் கடிகாரம் நொடிக்கு 30,72,000 முறை துடிக்கும். சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். முழு ஆட்டத்தின் நிரலும் 16 கிலோபைட் மட்டுமே. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையை யூனிகோடு தமிழில் ஒரு கோப்பாகச் சேமித்தால் அதைவிடப் பெரிதாக இருக்கும்.

இவ்வளவு சிறிய நிரல் எப்படி ஒரு முழுத் திரையை ஆட்டிவைத்தது? வேலையைப் பங்கு போட்டிருந்தார்கள். திரை 8-க்கு 8 படப்புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அகலத்தில் 28, உயரத்தில் 36, மொத்தம் 1008 சதுரங்கள். இந்தச் சதுரத்தில் எந்த வடிவம், என்ன நிறம் என்ற இரண்டு எண்களை மட்டும் செயலி நினைவகத்தில் எழுதிவைக்கும். வடிவங்கள் தனிச் சில்லில் இருக்கும். எண்ணைப் படித்து, அதற்குரிய வடிவத்தை எடுத்து, புள்ளி புள்ளியாகத் திரைக்கு அனுப்புவது அதற்கென்றே கட்டிய ஒரு மின்சுற்றின் வேலை. பேய்களும் பாக்-மேனும் அந்தச் சதுரங்களின் மேல் வழுக்கிக்கொண்டு ஓட வேறொரு சுற்று. ‘வக்கா வக்கா’ ஒலிக்கு இன்னொன்று.

முதல் புதிரின் விடை இதில் பாதி இருக்கிறது. பழைய ஆட்டம் பைட்டுக்குப் பைட் கணக்குப் பார்த்து எழுதப்பட்டது. இன்றைய வலைப்பக்கமோ இன்றைய கணினியிடம் இருக்கும் நினைவகத்தையும் வேகத்தையும் நம்பி, பல மெகாபைட் நிரலையும் படங்களையும் இறக்குகிறது.

மீதிப் பாதி, ஒரு கணினியால் இன்னொரு கணினியாக நடந்துகொள்ள முடியும் என்பதில் இருக்கிறது. 1936-இல் ஆலன் டூரிங் கணித முறையில் இதைக் காட்டினார். ஓர் இயந்திரத்தின் நடத்தை முழுவதையும் விதிகளாக எழுதிக் கொடுத்துவிட்டால், பொதுப்பயன் இயந்திரம் ஒன்று அந்த விதிகளைப் படித்துப் படித்து அதுவாகவே நடந்துகொள்ளும். எமுலேட்டர் என்று சொல்லப்படும் பாவனை நிரல் செய்வது இதையேதான்.

பாக்-மேனின் 16 கிலோபைட் நிரலில் ஓர் எழுத்தைக்கூட அது மாற்றுவதில்லை. இசட்80-க்குள் இருந்த சிறு பதிவகங்கள் ஒவ்வொன்றுக்கும் தன் நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கிவைத்துக்கொள்ளும். பிறகு நிரலின் முதல் பைட்டைப் படிக்கும். இது எந்தக் கட்டளை, இசட்80 இதைக் கண்டால் என்ன செய்யும், எத்தனை துடிப்பு எடுத்துக்கொள்ளும் என்று பார்க்கும். அந்த மாற்றத்தைத் தன் பதிவகங்களில் செய்து, துடிப்புக் கணக்கைக் கூட்டிக்கொண்டு அடுத்த பைட்டுக்குப் போகும். இதே சுழற்சி, ஓயாமல்.

பாக்-மேன் பலகை நொடிக்கு 60.6 முறை திரையைப் புதுப்பிக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே இசட்80 துடிப்பது சரியாக 50,688 முறை. 2 கிகாஹெர்ட்ஸ் ‘கோர் 2 டுவோ’ கணினி ஒன்று அதே இடைவெளியில் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் முறை துடிக்கிறது. பழைய செயலியின் ஒரு துடிப்புக்குப் புதியதிடம் அறுநூற்றைம்பது துடிப்பு கையிருப்பு. அதனால்தான் அலட்சியம்.

ஆனால் செயலியை மட்டும் பாவனை செய்தால் போதாது. அசல் பலகையில் செயலி, படச் சுற்று, ஒலிச் சுற்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கல்யாணச் சமையலறையில் ஒருவர் சாம்பாரைக் கிளற, ஒருவர் அப்பளம் பொரிக்க, ஒருவர் பாயசத்தைப் பார்த்துக்கொள்வதைப் போல. பாவனை நிரலிலோ சமையல்காரர் ஒருவர்தான். சாம்பாரை இரண்டு கிளறு கிளறிவிட்டு அப்பளத்துக்கு ஓடி, அங்கிருந்து பாயசத்துக்கு ஓடி, பந்தி உட்காரும் நேரத்தில் எல்லாம் ஒன்றாகத் தயாரானது போலக் காட்ட வேண்டும். முன்னதாக முடித்துவிட்டால் சும்மா நிற்க வேண்டும், இலை போடுமுன் பரிமாறக் கூடாது. நல்ல பாவனை நிரலின் திறமை பாதி, இந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

அசல்தான் என்று எப்படி நம்புவது?

பார்த்தால் பாக்-மேன் போல இருக்கிறது என்பது சான்று ஆகாது. பாக்-மேன் போல ஓர் ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் புதிதாக எழுதலாம். பாவனை உண்மையானது என்பதற்கு நல்ல சான்று, அசலில் இருந்த பிழைகள்.

பாக்-மேனில் எத்தனையாவது கட்டம் என்ற எண்ணுக்கு ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பைட்டில் 255 வரைதான் எண்ண முடியும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பூஜ்யம். 256-ஆவது கட்டத்தில், திரையின் அடியில் ஏழு பழங்களுக்கு மேல் வரையக் கூடாத நிரல்பகுதி இந்தப் பூஜ்யத்தைக் கண்டு குழம்பி, 256 பழங்களை வரையப் போகிறது. நினைவகத்தில் கண்ட இடமெல்லாம் எழுதித் தள்ளி, திரையின் வலது பாதி எழுத்தும் நிறமுமாகச் சிதறிவிடும். ஆட்டத்தை அதற்கு மேல் முடிக்க முடியாது. பாவனை நிரலிலும் 256-ஆவது கட்டத்தில் இதே சிதறல், இதே இடத்தில் வருகிறது. ‘இங்கே திரையைக் கலைத்துவிடு’ என்று அதில் யாரும் எழுதவில்லை. இசட்80-ஐச் சரியாகப் பின்பற்றியதால் பிழையும் தானே வந்து சேர்கிறது.

தைதோ நிறுவனத்துக்காக தோமோஹிரோ நிஷிகாதோ 1978-இல் உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இதைவிட அழகான எடுத்துக்காட்டு. 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசை கட்டி இறங்குவார்கள். சுடச் சுட மீதியுள்ளவர்களின் வேகம் கூடும், நமக்கு நெஞ்சு படபடக்கும். அதன் இன்டெல் 8080 செயலியால் ஒரு படத்துக்கு ஒருவரைத்தான் நகர்த்த முடிந்தது. 55 பேரும் ஓர் அடி வைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். பத்துப் பேர்தான் மீதி என்றால் ஒரு நொடியில் ஆறு அடி. வன்பொருளின் இயலாமையே ஆட்டத்தின் விறுவிறுப்பு ஆனதைக் கண்ட நிஷிகாதோ அதை அப்படியே விட்டுவைத்தார். பாவனை நிரலில் இந்த வேகமும் சொல்லிக்கொடுக்காமலே வருகிறது.

இந்த வேலைகளுக்கெல்லாம் தாயகம் ‘மேம்’ என்ற நிரல். நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் 1997 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். பிறகு உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்தார்கள். 2016-இல் முழுமையான திறமூல உரிமத்துக்கு மாறியது. பழைய பலகைகள் எப்படி வேலை செய்தன என்பதை ஆவணப்படுத்துவதே நோக்கம் என்று அந்தக் குழு தொடக்கத்திலிருந்து சொல்லிவருகிறது. ஆட்டம் ஓடுவது அந்த ஆவணம் சரி என்பதற்கான அத்தாட்சி. பலகைகளிலிருந்து சில்லுகளை எடுத்து, உள்ளே இருக்கும் பைட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, அவற்றிலிருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் பொருந்தாது. வெளியிலிருந்து படிக்க முடியாதபடி பூட்டிய சில்லுகளும் உண்டு. அவற்றின் மேலோட்டை அமிலத்தில் கரைத்து, உள்ளிருக்கும் சிலிக்கானை நுண்ணோக்கியில் படமெடுத்து, பிட்டுகளைக் கண்ணால் எண்ணி எடுக்கிறார்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. காப்காமின் சிபிஎஸ்-2 வகைப் பலகைகளில் நிரல் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி, ஒரு சிறிய பேட்டரியின் தயவில் நினைவகத்தில் உயிரோடு இருந்தது. பேட்டரி தீர்ந்தால் சாவி அழியும், பலகை வெறும் தகடு. 2007-இல் சால்மோரியாவும் இன்னொருவரும் சேர்ந்து அந்த மறையாக்கத்தின் கணித முறையைக் கண்டுபிடித்தார்கள். அது நடந்திருக்காவிட்டால், பேட்டரி ஒவ்வொன்றாகத் தீரத் தீரப் பல ஆட்டங்கள் தம் அசல் வடிவில் இல்லாமலே போயிருக்கலாம். ஒரு பொருளின் ஆயுளை அதை விற்றவரே ஒரு பேட்டரிக்குள் அடைத்துவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

பாங் ஏன் கடினம்?

இப்போது இரண்டாவது புதிருக்கு வரலாம். அட்டாரி நிறுவனத்தில் ஆலன் ஆல்கார்ன் 1972-இல் பாங் ஆட்டத்தைக் கட்டினார். அதுவே ஒரு வீட்டுத் தயாரிப்பு போலத்தான் இருந்தது: கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு மரப்பெட்டி, காசு போடும் பொறி. உள்ளே செயலி கிடையாது. நிரலும் கிடையாது. எண்ணிக் கூட்டும் சில்லுகளும் ஆம்-இல்லை பார்க்கும் தர்க்க வாயில்களும் கம்பிகளால் இணைந்து, திரையில் கதிர் ஓடும் அதே வேகத்தில் ‘இப்போது பந்து வர வேண்டிய இடமா?’ என்று கேட்டுக் கேட்டு மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கின. மட்டையின் இடத்தை முடிவு செய்ததோ, ஒரு மின்தேக்கி நிரம்ப எடுக்கும் நேரம்.

ஆகவே படித்துப் பின்பற்ற ஒரு கட்டளைப் பட்டியலே பாங்கில் இல்லை. அதைப் பாவனை செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு வாயிலிலும் மின்சமிக்ஞை மாறும் ஒவ்வொரு தடவையும் அடுத்தடுத்த வாயில்களுக்கு அது என்ன செய்கிறது என்று கணக்கிட வேண்டும். அந்தப் பலகையின் கடிகாரம் நொடிக்கு 70 லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. ‘மேம்’ நிரலுக்குள் இதற்காகவே மின்சுற்றுகளைக் கணக்கிடும் தனிப் பகுதி ஒன்றைப் பின்னாளில் சேர்த்தார்கள்.

செயலியை வைத்து ஆர்கேட் ஆட்டம் கட்டும் வழக்கம் 1975-இல் வந்த ‘கன் ஃபைட்’ ஆட்டத்தோடு தொடங்கியது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஆட்டம் நிரலாகவும், ஒலியில் பெரும்பகுதி வெறும் மின்சுற்றாகவும் இருந்தது. அதனால்தான் பல ஆண்டுகள் வரை அதன் ஒலியைப் பாவனை செய்ய முடியாமல், அசல் பெட்டியிலிருந்து பதிவு செய்த ஒலித் துண்டுகளை ஒட்டவைத்து ஓட்டினார்கள். திரையில் தெரிவது எவ்வளவு எளிமை என்பதற்கும் அதைப் பாவனை செய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அசலின் எந்தப் பகுதி நிரலில் இருந்தது, எந்தப் பகுதி கம்பியில் இருந்தது என்பதே கேள்வி.

கையும் கண்ணும் நேரமும்

சரி, பழைய கணினியில் ‘மேம்’ ஓடுகிறது. முஸ்தபா நடக்கும்போது பின்னணி சீராக நகர்கிறது. திடீரென்று ஒரு சின்ன விக்கல். மறுபடி சீர், மறுபடி விக்கல். கணினி போதவில்லை என்று நினைத்துப் பலர் நினைவகம் கூட்டுகிறார்கள், கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறார்கள். பயன் இருக்காது. முஸ்தபாவின் பலகை நொடிக்கு 59.64 படங்களை அனுப்பியது. உங்கள் எல்சிடி மானிட்டர் நொடிக்கு 60 படங்கள் கேட்கிறது. இந்த இடைவெளியால் ஏறக்குறைய 2.75 நொடிக்கு ஒருமுறை ஒரே படம் இரண்டு தடவை காட்டப்படுகிறது. அதுதான் விக்கல். பாக்-மேனில் கதை தலைகீழ்: 60.6 படங்கள் வருகின்றன, மானிட்டர் 60-ஐத்தான் காட்டும், 1.65 நொடிக்கு ஒரு படம் காணாமல் போகும்.

தீர்வுக்குக் காசு வேண்டாம். மானிட்டரின் வேகத்துக்கு ஆட்டத்தை இழுத்துக்கொள்ளும்படி ‘மேம்’ அமைப்பில் ஒரு வரியை மாற்றலாம். முஸ்தபா ஆயிரத்தில் ஆறு பங்கு வேகமாக ஓடும். ஐந்து நிமிட ஆட்டம் இரண்டு நொடிக்குள் முன்கூட்டி முடியும். இசையின் சுருதி ஏறுவது காதுக்குத் தெரியாது. ஆனால் இதை எல்லா ஆட்டத்துக்கும் செய்யக் கூடாது. ‘ஆர்-டைப்’ என்ற ஆட்டம் நொடிக்கு 55 படங்கள் கொண்டது. அதை 60-க்கு இழுத்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு வேகம் கூடி, ஆட்டமே வேறாகிவிடும். அங்கே மானிட்டரைத்தான் 55-க்குப் பழக்க வேண்டும். பல எல்சிடிகள் முரண்டு பிடிக்கும், பழைய குழாய் மானிட்டர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும்.

கண்ணுக்கு அடுத்தது கை. பொத்தான்களையும் ஜாய்ஸ்டிக்கையும் கணினியோடு இணைக்க மலிவான வழி, பழைய கீபோர்டின் உள்பலகையைப் பயன்படுத்துவது. ஒரு கீபோர்டைத் திருப்பிப் போட்டுத் திருகுகளைக் கழற்றுங்கள். மூடியைத் தூக்கினால் ரப்பர் குமிழ்கள் நிறைந்த விரிப்பு. அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளி நிறக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். நடுத்தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு வட்டத் துளை. விசையை அழுத்தும்போது அந்தத் துளை வழியாக மேல்கோடு கீழ்க்கோட்டைத் தொடுகிறது. எல்லாக் கோடுகளும் போய்ச் சேரும் இடம், மூலையில் இரண்டு விரல் அகலத்தில் இருக்கும் ஒரு பச்சைப் பலகை.

நூற்றுச் சொச்சம் விசைகளுக்குக் கம்பிகள் இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். விசைகள் வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டப்பட்டிருப்பதே காரணம். பச்சைப் பலகையில் உள்ள சில்லு ஒவ்வொரு வரிசைக்கும் சிறிது மின்சாரம் அனுப்பி, அது எந்த நெடுவரிசையில் திரும்பி வருகிறது என்று பார்க்கும். மூன்றாவது வரிசையில் அனுப்பியது ஐந்தாவது நெடுவரிசையில் வந்தால் இன்ன விசை என்று முடிவு. கம்பியை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்சாரம் சுற்றுவழியாகப் போய் நான்காவது மூலையையும் அழுத்தியதாகக் காட்டிவிடும். இந்தப் பேய் விசையைத் தவிர்ப்பதற்காகப் பல கீபோர்டுகள் மூன்றாவது விசையை ஏற்காமலே விட்டுவிடும். கடிதம் அடிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது, ஒருவர் குதித்துக்கொண்டே உதைக்க, மற்றவரின் அடி பதிவாகாமல் போகும். ‘நான் அழுத்தினேன்!’ என்ற சண்டை உண்மையான சண்டைதான்.

கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் விசைகள் மற்றவற்றோடு சேர்த்து அழுத்துவதற்கென்றே இருப்பவை என்பதால் அவற்றின் கோடுகளைப் பொதுவாகத் தனியே வைத்திருப்பார்கள். முதல் ஆட்டக்காரரின் அடிக்கும் குதிப்புக்கும் ‘மேம்’ கன்ட்ரோலையும் ஆல்ட்டையுமே முன்னிருப்பாக வைத்திருக்கிறது. (5 என்ற விசைதான் அதில் காசு. எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்!) இரண்டு பேருக்கு மேல் ஆடும் பெட்டி என்றால், ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிக் கம்பி தரும் யுஎஸ்பி பலகை ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது. பெட்டியில் நான் புதிதாக வாங்கச் சொல்லும் பொருட்கள் அதுவும் ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும்தான்.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் நான்கு நுண்சுவிட்சுகள் இருக்கும். தண்டை மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக அமுங்கும். முஸ்தபாவுக்கு இது வேண்டும்; பாக்-மேனுக்கு இது கேடு. நான்கு திசை மட்டும் அறிந்த ஆட்டத்தில், திருப்பத்தில் இரண்டு திசை ஒன்றாக வந்தால் பாக்-மேன் தவறான சந்துக்குள் போய்ப் பேயிடம் மாட்டும். தண்டைச் சுற்றியுள்ள தடுப்புத் தகட்டைத் திருப்பிப் போட்டு நான்கு திசைக்கு மாற்றும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

‘கை வரவில்லை’ என்ற குறையை அளந்தே பார்த்துவிடலாம். கைபேசியின் ஸ்லோமோஷன் கேமரா நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் என்றால், ஒரு படம் சுமார் 4.2 மில்லிநொடி. பொத்தானை அழுத்தும் விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி படமெடுத்து, பொத்தான் அடியைத் தொட்ட படத்திலிருந்து முஸ்தபா அசையும் படம்வரை எண்ணுங்கள். பன்னிரண்டு படம் என்றால் 50 மில்லிநொடி, ஆட்டத்தின் கணக்கில் மூன்று படங்கள். சாதாரண யுஎஸ்பி கீபோர்டை கணினி 8 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் விசாரிக்கிறது. கிராபிக்ஸ் இயக்கி படங்களை வரிசையில் நிறுத்திவைக்கிறது. தொலைக்காட்சித் திரை என்றால் படத்தை அழகுபடுத்த இன்னும் நேரம் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி அளந்தால் தாமதம் எங்கே என்று பிடிபடும். தொலைக்காட்சியில் ‘கேம் மோடு’ போட்டாலே பெரும்பகுதி சரியாகிவிடுவதும் உண்டு.

திரையைப் பொறுத்தவரை, கழித்துக்கட்டிய பொருளே மேல். முஸ்தபாவின் படம் 384-க்கு 224 புள்ளிகள். ஆனால் அது 4-க்கு 3 விகிதமுள்ள குழாயில் காட்டப்படுவதற்காக வரையப்பட்டது, புள்ளிகள் சதுரமல்ல. அகலத் திரையில் புள்ளிகளைச் சதுரமாகக் காட்டினால் எல்லாரும் கால் பங்குக்கு மேல் குண்டாகிவிடுவார்கள். பழைய 17 அங்குல ‘சதுர’ எல்சிடியின் விகிதம் 5-க்கு 4, அசலுக்கு வெகு அருகில். பாக்-மேனுக்கு மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டும். மலிவான பழைய பேனல்களில் கீழிருந்து பார்த்தால் நிறம் கறுக்கும் குறை உண்டு. திருப்பி வைத்தால் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு நிறம் மாறித் தெரியும். வாங்கும் முன் கடையிலேயே திருப்பிப் பார்த்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அதற்கு மறுப்பு சொல்ல மாட்டார்கள்.

கணினியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை செயலிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் உருளை வடிவ மின்தேக்கிகள். அவற்றின் தலையில் கீறல் கோடு இருக்கும். தலை தட்டையாக இருந்தால் நலம். மேடு தட்டியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருந்தாலோ அந்தப் பலகை இன்று ஓடினாலும் நாளை நிற்கும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த பலகைகளில் இந்தக் கோளாறு ஏராளம். அடுத்து, நாணயம் போன்ற சிறு பேட்டரி, அதை மாற்றிவிடுங்கள். விசிறித் தூசியைத் தட்டுங்கள். மின்வழங்கிப் பெட்டியை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை, எக்காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள்; செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். குழாய் மானிட்டரின் உள்ளே இருப்பது இருபதாயிரம் வோல்ட் அளவில். அதன் மூடியைக் கழற்றுவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. பெட்டியின் மேல்பக்கம் காற்றோட்டத் துளை விட ஆசாரியிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘மேம்’ நிரல் எல்லாருக்கும் பொது. ஆட்டங்கள் அப்படியல்ல, முஸ்தபாவும் பாக்-மேனும் இன்றும் உரிமையாளர்களின் சொத்து. பழைய ஆட்டங்களைத் தொகுத்து அந்த நிறுவனங்களே விற்கின்றன, அவற்றை வாங்கலாம். உரிமையாளர்களே வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அனுமதித்த சில ஆட்டங்கள், 1981-இல் வந்த ‘ராபி ரோட்டோ’, சந்தைக்கே வராமல் போன ‘கிரிட்லி’ போன்றவை, ‘மேம்’ குழுவின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பெட்டியைச் சோதிக்க அவை தாராளம்.

ஆகவே பரணில் ஒரு பழைய கணினி இருந்தால், இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள். வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள். மரப்பெட்டியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கீபோர்டைக் கழற்றி, அந்த மூன்று பிளாஸ்டிக் தாள்களை அவர்கள் கையில் கொடுங்கள். அதற்கு ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.